எட்டாயிரம் அடியும் ஒரு புளியங்கொட்டைக் கணக்கும்

இரண்டு வருடமும் மூன்று மாதமுமாக என் இடது மணிக்கட்டில் ஓர் உடற்பயிற்சிப் பட்டி இருக்கிறது. இரத்தத்தில் சீனி ஏறியிருக்கிறது, நாளுக்கு எட்டாயிரம் அடியாவது நடவுங்கள் என்று வைத்தியர் சொன்ன கிழமையே மருமகன் அதை வாங்கித் தந்தார். எந்த நிறுவனத்தினுடையது என்று எழுதப்போவதில்லை. கீழே சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை கையில் கட்டி அடி எண்ணும் எந்தக் கருவிக்கும் ஏதோ ஓர் அளவில் பொருந்தும்.

முதல் மூன்று மாதங்கள் அதை முழுதாக நம்பினேன். நம்பியதற்குக் காரணமும் இருந்தது. இடுப்பில் கொழுவும் பழைய அடியெண்ணி ஒன்றை இரவல் வாங்கி ஒரு கிழமை இரண்டையும் சேர்த்து அணிந்து பார்த்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை இரவு இடுப்புக் கருவி 7,940 என்றது, பட்டி 8,110 என்றது. நூற்றுக்கு இரண்டு வீத வித்தியாசம்தான். ஆனால் முப்பது வருடம் உயர்தர வகுப்புக்குக் கணக்கீடு கற்பித்தவனுக்கு, இரு பக்கக் கூட்டுத்தொகைகளையும் ஒப்பிடும் பரீட்சை மீதி சமப்பட்டுவிட்டது என்பதற்காகப் புத்தகத்தை மூடிவிட மனம் வராது. ஓரிடத்தில் கூடிய தொகையும் அதே பக்கத்தில் இன்னோரிடத்தில் விடுபட்ட தொகையும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்வதை ஈடுசெய் வழு என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மறுநாள் மணிக்கு மணி இரண்டு கருவிகளையும் பார்த்துக் கொப்பியில் குறித்தபோது அதே வழுதான் அகப்பட்டது. காலையில் சைக்கிளில் சந்தைக்குப் போய்வந்த ஒரு மணித்தியாலத்தில் பட்டி 600 அடிக்கு மேல் கூட்டியிருந்தது. மாலையில் மனைவியுடன் மெதுவாக நடந்ததிலும் கோயிலிலுமாக ஏறக்குறைய அதேயளவை விட்டிருந்தது. மொத்தம் சரி, உள்ளே ஒரு பதிவும் சரியில்லை.

காரணம் விளங்கக் கடினமானதன்று. பட்டிக்குக் கால் தெரியாது, கை ஆடுவது மட்டுமே தெரியும். உள்ளே இருக்கும் சிறிய முடுக்கமானி மூன்று திசைகளிலும் அசைவை அளக்கிறது. நடக்கும் வேகத்தில் ஒரே சீராக வந்து போகும் அசைவுகளை மென்பொருள் அடியென்று எடுத்துக்கொள்கிறது. கையை எதற்கோ ஒருமுறை தூக்குவதை அடியாக எண்ணிவிடக் கூடாது என்பதால், என் பட்டி பத்துப் பன்னிரண்டு அசைவுகள் தொடர்ந்து வரும்வரை எண்ணிக்கையைக் காட்டாமல் காத்திருக்கிறது. ஆகவே அறையிலிருந்து குசினிக்கும் குசினியிலிருந்து கிணற்றடிக்கும் போகும் எட்டடி, ஒன்பதடி நடைகள் கணக்கிலேயே வருவதில்லை. மறுதலையாக, திருவலையில் ஒரு தேங்காய் துருவி முடிக்கும்போது 110 அடி நடந்ததாகப் பதிவாகிறது. மனைவி சொல்லித் துருவிய தேங்காய்களை எல்லாம் கூட்டினால் நான் பருத்தித்துறைக்கே போய்வந்திருப்பேன்.

சைக்கிளில் கூடிய அடிகளுக்கு வீதிதான் பொறுப்பு. காப்பெற் போட்ட பகுதியில் பட்டி பெரும்பாலும் அமைதியாக இருக்கும். கிறவல் ஒழுங்கைக்குள் இறங்கியதும் கைபிடி அதிரும், அதிர்வு மணிக்கட்டுக்கு வரும், எண் ஓடத் தொடங்கும்.

கூட்டியதைவிட விட்டதுதான் எனக்குப் பெரிய பாடம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மாலையில் வெளிவீதி சுற்றுவது என் வழக்கம். ஒரு நாள் வாய்க்குள் எண்ணிக்கொண்டே 1,000 அடி நடந்தேன். கைகள் நெஞ்சருகே கூப்பியிருந்தன, மணலில் நடை சிறியதாகவும் மெதுவாகவும் இருந்தது. பட்டி சொன்னது 212. மறுநாள் அதைக் கழற்றி வேட்டி மடியில் செருகிக்கொண்டு அதே 1,000 அடியை நடந்தபோது 986 காட்டியது. கருவி ஒன்றுதான், இடம் மட்டும் மாறியது. பரீட்சை மண்டப மேற்பார்வையாளனாக இருந்து பழகிய தோஷத்தால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தேன், அப்போது 870. குடை பிடித்துக்கொண்டு போகும் மழைநாளும் பேரப்பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளும் நாளும் இதே வகைதான்.

இனித் தூரம். இங்கே அடி என்ற சொல்லே முதற் சிக்கல். 8,000 அடி என்றதும் மனைவி அதை நாடா அளவின் அடியாக எடுத்து, “அப்ப ஒண்டரைக் கட்டைதானே நடந்திருக்கிறியள்” என்றார். கட்டை என்றால் மைல். ஜீ.பி.எஸ். இல்லாத பட்டி தூரத்தை அளப்பதே இல்லை. எண்ணிய அடிகளைக் காலடி நீளத்தால் பெருக்குகிறது, அந்த நீளத்தையும் நாம் கொடுத்த உயரத்திலிருந்து ஊகிக்கிறது. ஆணுக்கு உயரத்தை 0.415 ஆல் பெருக்குவது பரவலாக உள்ள சூத்திரம். என் உயரம் 168 சென்ரிமீற்றர், ஆகவே என் காலடி 70 சென்ரிமீற்றர் என்று பட்டி முடிவுசெய்துவிட்டது. அறுபத்தோரு வயதுக் கால் அவ்வளவு எட்டி வைக்குமா என்று அது கேட்கவில்லை.

சரிபார்க்க எனக்கு உண்மையான ஒரு கிலோமீற்றர் தேவைப்பட்டது. சைக்கிளின் முன் ரயரில் சோக்கால் கோடு போட்டு, ஏறி இருந்தபடியே பத்துச் சுற்று உருட்டி நாடாவால் அளந்தேன். ஏறியிருப்பது முக்கியம், ஆளின் பாரத்தில் ரயர் அமுங்கிச் சுற்றளவு சற்றுக் குறையும். 22 மீற்றர் 10 சென்ரிமீற்றர் வந்தது, ஒரு சுற்றுக்கு 2.21 மீற்றர். சில்லுக் கம்பியில் ஒரு தகரத்துண்டைக் கட்டி, சில்லைத் தாங்கும் கவரில் அது தட்டும் சத்தத்தை எண்ணியபடி, கடலுக்கு நடுவே போகும் பண்ணைப் பாலத்து வீதியில் ஒரு விடியற்காலை 452 சுற்றும் அரைச் சுற்றும் ஓடி இரண்டு முனைகளிலும் அடையாளம் வைத்தேன். மரதன் பாதைகளைக்கூட இப்படிச் சைக்கிள் சில்லை ஒப்பளவு செய்துதான் அளக்கிறார்கள், தூரம் குறைந்துவிடாதிருக்கக் கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் கூட்டியும் விடுகிறார்கள் என்று பின்னர் அறிந்தபோது சற்றுப் பெருமையாக இருந்தது.

அந்தக் கிலோமீற்றரை நடக்கும்போது அடிகளைத் தவறவிடாதிருக்க வலது பையில் புளியங்கொட்டைகளைப் போட்டுக்கொண்டு, நூறு அடிக்கு ஒன்றாக இடது பைக்கு மாற்றினேன். வேகமாக நடந்த காலையில் 1,520 அடி. பட்டி 1,503 என்றது, இதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தூரம் 1.05 கிலோமீற்றர் என்றது. முழங்கால் நோவுள்ள மனைவியுடன் மெதுவாக நடந்த மாலையில் 1,840 அடி வந்தது. பட்டி 1,690 மட்டும் எண்ணியும் தூரத்தை 1.18 கிலோமீற்றர் என்று காட்டியது. அடியைக் குறைத்து எண்ணிவிட்டுத் தூரத்தைக் கூட்டிச் சொல்லும் இந்த விசித்திரத்துக்குக் காரணம், மெதுவாக நடக்கையில் என் காலடி 54 சென்ரிமீற்றராகச் சுருங்குவதும் பட்டி 70ஐ விடாமல் பிடித்திருப்பதும்தான்.

காலடி நீளத்தை நாமே கொடுக்க இடமளிக்கும் செயலிகள் உண்டு, என்னுடையது அப்படியன்று. எனவே என் உயரத்தை 158 என்று மாற்றினேன். பத்துச் சென்ரிமீற்றர் குறுகியதும் காலை நடை 0.99 கிலோமீற்றருக்கு வந்துவிட்டது. மாலை நடைக்கு அந்தப் பொய்யும் போதவில்லை.

கைத்தொலைபேசியின் ஜீ.பி.எஸ்ஸை இணைத்துக்கொண்டால் இந்த ஊகம் தேவையில்லை. பண்ணையில் இரு பக்கமும் கடல், மேலே வெறும் வானம். அங்கே அது 1.00 இலிருந்து 1.02 வரை காட்டியது. மதிலும் மாமரமும் நெருங்கிய எங்கள் ஒழுங்கைகளில் கோடு நெளிந்து நெளிந்து போகிறது. தேநீர்க் கடையில் நின்று பேசும் பத்து நிமிடத்திலும் புள்ளி ஓரிடத்தில் நிற்பதில்லை, ஐந்தாறு மீற்றருக்குள் அலைந்து, நடக்காத தூரத்தையும் சேர்த்துவிடுகிறது. நிறுத்தும் பொத்தானை அழுத்தும் பழக்கம் வந்த பின்னரே அது அடங்கியது.

பதினான்காம் மாதத்தில் வந்த மென்பொருள் இற்றைப்படுத்தலைச் சொல்லாமல் விட முடியாது. அதே பாதை, அதே நேரம், அதே செருப்பு, ஆனால் எண்ணிக்கை ஏறக்குறைய ஆறு வீதம் கூடிவிட்டது. அறிவித்தல் ஏதும் வரவில்லை. என் மாதாந்த வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு படிக்கட்டு நிற்கிறது, நான் திடீரென்று கூட நடந்தவன்போல. அதற்கு முந்திய எண்களைப் பிந்தியவற்றோடு இப்போது ஒப்பிடுவதில்லை. 10,000 அடி என்ற இலக்கும் கனவில் வந்து மிரட்டுவதில்லை. அது 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த மான்போகெய் என்ற அடியெண்ணியின் பெயரிலிருந்து பரவியது, பெயரின் பொருளே பத்தாயிரம் அடி மானி என்பதுதான்.

சைக்கிளில் ஏறினால் பட்டி சேட்டுப் பைக்குள், கோயிலில் வேட்டி மடிக்குள், மற்ற நேரம் மணிக்கட்டில். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு பண்ணைக்குப் போய், கொட்டைகளை ஒரு பையிலிருந்து மறுபைக்கு மாற்றியபடி அந்த ஒரு கிலோமீற்றரை நடக்கிறேன். சென்ற மாதம் கொட்டைக் கணக்கு 1,534, பட்டிக் கணக்கு 1,561.