ஓர் ஆற்றுக்கு ஒரே அணையாம்! சிவிலைசேஷன் 6 ‘கேதரிங் ஸ்டார்ம்’: நெடுநாள் விளையாடியபின் ஒரு புலம்பல்

ஒரு நாகரிகத்தை ஆதிகாலத்திலிருந்து வளர்த்தெடுக்கும் கம்ப்யூட்டர் வியூக விளையாட்டான சிவிலைசேஷன் 6 அடிக்கடி அடிமாட்டு விலைக்கு வருகிறது. “இப்ப வாங்கிப் போடலாமாண்ணே, இல்ல நேரா 7-க்கே போயிடலாமா?” என்று கும்பகோணம், மன்னார்குடி பக்கத்திலிருந்து கேட்கிற தம்பிகளுக்காக இது. டைல் என்றால் வரைபடத்தின் அறுகோணக் கட்டம், டர்ன் என்றால் ஆட்டத்தின் ஒரு சுற்று, டிஸ்ட்ரிக்ட் என்றால் ஊரைச் சுற்றி ஒரு டைலில் கட்டும் சிறப்புப் பகுதி; இவை தெரிந்தால் போதும். 7-ல் சோழர்கள் தனித் தரப்பாகவே வந்துவிட்டார்கள், தஞ்சைப் பெரிய கோயிலும் கட்டக்கூடிய அதிசயங்களில் ஒன்று. அது வேறு பஞ்சாயத்து, இங்கே வேண்டாம்.

முதலில் காசு விஷயம். 2016 அக்டோபரில் வந்த அடிப்படை விளையாட்டில் வெள்ளமும் கிடையாது, அணையும் கிடையாது. 2020 மே மாதம் எபிக் என்கிற இணையக் கடையில் ஒரு வாரம் இலவசமாகக் கொடுத்ததும் இந்த வெறும் 6-ஐத்தான். ஆறு பெருக வேண்டுமென்றால் 2019 பிப்ரவரியில் வந்த ‘கேதரிங் ஸ்டார்ம்’ விரிவாக்கம் வேண்டும். அதை வாங்கினால் 2018-ல் வந்த ‘ரைஸ் அண்ட் ஃபால்’ விரிவாக்கத்தின் கவர்னர் (ஊருக்கு அமர்த்தும் நிர்வாகி), லாயல்டி (ஊரின் விசுவாசம்) ஏற்பாடுகளும் கூடவே கிடைத்துவிடும். அதன் நாடுகளும் தலைவர்களும் மட்டும் வராது. ஆகவே இரண்டையும் சேர்த்து வாங்கியே ஆகவேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்த விளையாட்டில் டெல்டாக்காரனுக்குப் பிடிக்கிற விஷயம் வெள்ளம்தான். நம்ம ஊர்ப் படுகை நிலம் மாதிரி ஆற்றை ஒட்டி ஃப்ளட்பிளெயின் டைல்கள் இருக்கும். ஆறு பெருகும்போது மிதமானது, பெரியது, ஆயிரம் வருஷத்துக்கு ஒரு தடவை வருவது என்று மூன்று தரம். படுகையில் போட்ட வயல் உடையும், டிஸ்ட்ரிக்ட் கட்டடங்கள் சேதமாகும், பெரிய வெள்ளமென்றால் ஊரின் மக்கள்தொகையே குறையும், அங்கே நிற்கிற படைக்கும் அடி விழும். ஆனால் தண்ணீர் போனபிறகு பாருங்கள்: சில டைலில் ஃபுட் (உணவு) ஒன்று ஏறியிருக்கும், சிலதில் புரொடக்‌ஷன் ஒன்று ஏறியிருக்கும். ஏறியது ஏறியதுதான், இறங்காது. நாலைந்து வெள்ளம் பார்த்த படுகையில் வயல்களைக் கொத்தாகப் போட்டு, ஃபியூடலிசம் (நிலப்பிரபுத்துவம்) என்கிற முன்னேற்றம் வந்ததும் பக்கத்துப் பக்கத்து வயல்களுக்குக் கிடைக்கும் கூடுதல் ஃபுட்டும் சேர்ந்துகொண்டால், அந்த ஊர் மற்ற எல்லா ஊரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். வண்டலின் அருமை தெரிந்தவன் எவனோ உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை இது. இதற்கு மட்டும் மனசார முழு மார்க்.

வெள்ளத்தோடு வாழ ஒரு வழி இருக்கிறது. வயல் போடுகிற ஆளான பில்டருக்கு இத்தனை வேலைதான் என்று சார்ஜ் கணக்கு உண்டு; உடைந்த வயலைச் சரிசெய்ய அந்தச் சார்ஜ் செலவாகாது, அந்த டர்னின் நடை மட்டும்தான் போகும். அதனால் ஒரு சார்ஜ் மிச்சமிருக்கும் பில்டரைப் படுகைக்கு இரண்டு டைல் தள்ளி மேட்டில் தூங்கப் போட்டு வையுங்கள். அந்தக் கடைசி சார்ஜை மட்டும் எதற்கும் தொடாதீர்கள், தொட்டால் ஆள் காலி. டிஸ்ட்ரிக்ட் உடைந்தால் பில்டரால் ஆகாது. ஊர் தன் உற்பத்தி வரிசையில் வைத்துத்தான் சரிசெய்யவேண்டும், அத்தனை டர்ன் வேறு எதுவும் கட்ட முடியாது. எனவே படுகையில் வயல் மட்டும் போதும். கேம்பஸ், கமர்ஷியல் ஹப் மாதிரி டிஸ்ட்ரிக்ட்கள் மேட்டுக்குப் போகட்டும். எகிப்தை எடுத்தால் இந்தத் தலைவலியே இல்லை, அவர்களை வெள்ளம் சேதப்படுத்தாது. மற்ற நாடுகளில் லியாங் என்கிற கவர்னருக்கு ‘ரீஇன்ஃபோர்ஸ்டு மெட்டீரியல்ஸ்’ பதவி உயர்வு கொடுத்தால், அவர் இருக்கும் ஊருக்கு மட்டும் பாதுகாப்பு. பாட்டரி (மண்பாண்டம்) தொழில்நுட்பம் படித்த உடனே கட்டக்கூடிய கிரேட் பாத் அதிசயமும் அது நிற்கிற ஆற்று வெள்ளத்தின் சேதத்தைத் தடுக்கும். எல்லாம் சரி. ஆனால் பத்து வயல் உடைந்தால் பத்தையும் சரிசெய் என்று சொல்ல ஒரு பட்டன் கிடையாது. ஒவ்வொரு டைலாகப் பில்டரை ஓட்டிக்கொண்டு போகவேண்டும். போய் முடிப்பதற்குள் அடுத்த வெள்ளம் வந்தாலும் வரும்.

சரி, அணை கட்டிவிடலாம் என்று நினைப்பீர்கள். என் வயிற்றெரிச்சல் அங்கேதான் ஆரம்பம்.

பட்ரஸ் தொழில்நுட்பம் வந்ததும் அணை டிஸ்ட்ரிக்ட் கிடைக்கும். படுகை டைலில்தான் கட்டமுடியும். அந்த டைலின் இரண்டு பக்கமாவது ஆறு தொட்டுக்கொண்டு போகவேண்டும். ஊரின் நடுவிலிருந்து மூன்று டைலுக்குள் இருக்கவேண்டும். இத்தனையும் பொருந்தினாலும், ஓர் ஆற்றுக்கு ஒரே ஓர் அணை. ஆற்றின் நீளம் பதினைந்து டைலாக இருந்தாலும், அதன் கரையில் உங்கள் ஊர் நாலு இருந்தாலும், ஒன்றுதான். எதிராளி முந்திக் கட்டிவிட்டால் நீங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

இரண்டு பக்கம் என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். இந்த விளையாட்டில் ஆறு டைலுக்குள்ளே ஓடாது, டைல்களின் விளிம்பில்தான் ஓடும். நேராகப் போகிற இடத்தில் ஆறு வளைந்து நெளிந்து இரு கரை டைல்களையும் இரண்டிரண்டு பக்கம் தொடும், கவலையில்லை. திரும்புகிற இடத்தில் வளைவின் உள்பக்க டைலுக்கு மூன்று பக்கம் கிடைக்கும், வெளிப்பக்க டைலுக்கு ஒன்றுதான் கிடைக்கும். அந்த வெளிப்பக்கத்தில் அணைக்கென்று இடம் ஒதுக்கி வைத்தால் பட்ரஸ் வந்த அன்று, இங்கே கட்டலாம் என்று டைல் பச்சையாகாது. ஆறு பிறக்கிற முனையிலும் இதே கதை. தொழில்நுட்பம் வரும்வரை எந்த டைல் தேறும் என்று விளையாட்டு காட்டவே காட்டாது; முதல் ஊர் போடும்போதே விளிம்புகளை எண்ணிப் பார்த்து மேப் டாக் (வரைபடக் குறி) குத்திவைப்பதுதான் வழி. தேறுகிற ஒரே டைலில் அவசரப்பட்டு ஹோலி சைட் மாதிரி வேறு டிஸ்ட்ரிக்ட் போட்டுவிட்டால் அதை இடிக்க வழியில்லை. லக்சரி (ஆடம்பரப் பொருள்) வளம் இருக்கிற டைலிலும் அணை ஏறாது.

கட்டிவிட்டால் பலன் பெரிது, அதையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆற்று வெள்ளம் இனிச் சேதம் செய்யாது, வண்டல் வரவும் முழுசாக நின்றுவிடாது. ஊருக்கு ஹவுசிங் (குடியிருப்பு இடம்) மூன்று, அமெனிட்டி (மக்களின் வசதி) ஒன்று, வறட்சியிலும் ஃபுட் குறையாது. மக்கள்தொகைக் கணக்கில் வராத டிஸ்ட்ரிக்ட் என்பதால் சின்ன ஊரிலும் கட்டலாம். ஒட்டினாற்போல் இண்டஸ்ட்ரியல் ஜோன் (தொழிற்பகுதி) போட்டால் அதற்கு உற்பத்தியில் இரண்டு கூடுதல். அக்வடக்ட் என்கிற நீர்ப்பாலமும் ஒட்டியிருந்தால் இன்னும் இரண்டு. கட்டுமானம் இழுத்தால் மிலிட்டரி இன்ஜினியரைக் கூப்பிடுங்கள், ஒரு சார்ஜுக்கு வேலையில் 20 சதவீதம் முடியும். ஓர் ஆளுக்கு இரண்டு சார்ஜ், அப்படியானால் இரண்டு பேரில் 80 சதவீதம். ஆனால் அவரைப் பெற என்கேம்ப்மென்ட் என்கிற படை டிஸ்ட்ரிக்டில் ஆர்மரி கட்டடம் இருக்கவேண்டும். நெதர்லாந்தை எடுத்தால் அணை கட்ட 50 சதவீத உற்பத்தி கூடுதல்.

இவ்வளவு நுணுக்கமாக யோசித்தவர்களுக்கு ஓர் ஆற்றில் இரண்டாவது அணை ஏன் தோன்றவில்லை? காவிரியைப் பாருங்கள். மேலே கிருஷ்ணராஜசாகர், கீழே வந்தால் மேட்டூர், அப்புறம் முக்கொம்பு மேலணை, அப்புறம் கல்லணை, கொள்ளிடத்தில் அணைக்கரைக் கீழணை. அதற்குள்ளே வாய்க்காலுக்கு வாய்க்கால் ரெகுலேட்டர், மதகு, ஷட்டர். கல்லணையின் வேலை தண்ணீரைத் தேக்குவதே இல்லை. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலாகப் பிரித்துவிடுவதுதான். பிரிப்பது என்கிற எண்ணமே இந்த விளையாட்டில் இல்லை. தண்ணீருக்கு அளவே கிடையாது. எத்தனை பேர் குடித்தாலும் எத்தனை வயல் பாய்ந்தாலும் ஆறு அப்படியே ஓடும். மேலே ஒருவன் அணை கட்டினால் கீழே இருப்பவனுக்கு ஒரு சொட்டுக்கூடக் குறையாது. கெடுதல் போய் நன்மைதான் வருகிறது! கடைமடை என்று ஒன்று இருக்கிறது, தலைப்பில் இருப்பவன் மூடினால் வேதாரண்யம் பக்கம் பயிர் கருகும் என்பதெல்லாம் இவர்களுக்குத் தெரியாது.

நாடுகள் கூடி ஓட்டுப் போடுகிற உலக காங்கிரஸ் என்று ஒன்றை விளையாட்டில் வைத்திருக்கிறார்கள். இடைக்காலம் பிறந்ததும் தொடங்கி, சாதாரண வேகத்தில் 30 டர்னுக்கு ஒருதரம் வேலையை நிறுத்திவிட்டுக் கூப்பிடும். யாருக்கும் வேண்டாத தீர்மானத்துக்கெல்லாம் ஓட்டுப் போடவேண்டும். எந்த லக்சரியைத் தடைசெய்வது என்று கூட. ஆற்றுப் பங்கீட்டுக்கு ஒரு தீர்மானம் இல்லை. நிஜக் காவிரிக்கு 1990-ல் நடுவர் மன்றம், 2007-ல் இறுதித் தீர்ப்பு, 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி என்று முடித்தது வரைக்கும், ஒரு வியூக விளையாட்டுக்குத் தேவையான அத்தனையும் அதில் இருக்கிறது. ஜூன் 12 மேட்டூர் திறக்குமா திறக்காதா என்கிற பதற்றத்தில் கால்வாசி இந்தக் காங்கிரஸில் இருந்திருந்தால் எவனும் ‘ஸ்கிப்’ பட்டனைத் தேடமாட்டான். மீனாட்சி அம்மன் கோயிலை இதே விரிவாக்கத்தில் அதிசயமாகச் சேர்த்தவர்கள் கல்லணையைக் கண்டுகொள்ளவில்லை. மதுரைக்காரர்கள் சந்தோஷப்படட்டும்.

வடிகாலும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் நம் வயலில் தண்ணீர் நிற்பதுதான் பிரச்சினை. நட்ட சம்பா அழுகுவது ஆறு உடைத்ததால் மட்டுமல்ல, வடிய வழியில்லாததால். இங்கே வெள்ளம் வந்த டர்னிலேயே போயும்விடுகிறது. புயலும் அப்படித்தான், கடலோரத்தைச் சுருட்டிவிட்டுப் போகும். பில்டர் போனால் ஒரே டர்னில் தோட்டம் பழையபடி நிற்கும். 2018 நவம்பர் கஜாவில் தென்னையை இழந்தவர்களிடம் இதைக் காட்டாதீர்கள். கடல் மட்டம் உயர்வதை மட்டும் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள்: தாழ்ந்த கரை டைல்கள் முதலில் நீரில் மூழ்கிக் கெடும், பிறகு ஒரேயடியாகப் போய்விடும். கம்ப்யூட்டர்ஸ் தொழில்நுட்பம் வந்தவுடன் ஃப்ளட் பேரியர் (கடல் தடுப்புச் சுவர்) கட்டுங்கள். கடல் ஏற ஏற அதன் விலையும் ஏறும், தள்ளிப்போட்டால் கட்டவே முடியாது.

மற்றவை எல்லாரும் சொல்வதுதான். மிகக் கடினமான டைட்டி லெவலிலும் எதிராளியாக ஆடும் ஏஐ கெட்டிக்காரத்தனமாக ஆடாது. மூன்று செட்லரோடு (ஊர் நிறுவும் ஆட்கள்) தொடங்கி, உற்பத்தியில் 80 சதவீதம் இனாம் வாங்கிக்கொண்டு ஓடும். படுகையில் உடைந்த வயலை அப்படியே போட்டுவைத்திருக்கும். கடைசி நூறு டர்ன் இழுவை.

வாங்கலாமா என்றால், இன்றைய மனநிலையில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வண்டலைப் புரிந்துகொண்டவனுக்குப் பாசனம் புரியாமல் போனதை மன்னிக்க முடியவில்லை. மீறி வாங்கினால் ஸ்டீம் கடையில் வாங்குங்கள், எபிக்கில் வொர்க்‌ஷாப் மோட் (ரசிகர்கள் செய்த மாற்றங்கள்) கிடையாது. டிசாஸ்டர் இன்டென்சிட்டி (பேரிடர்களின் கடுமை) 2-ல் இருக்கும், அதை 3 ஆக்குங்கள். ஊருக்கு இடம் பார்க்கும்போது நல்ல மண் எது என்பதற்கு முன்னால், வளைவின் உள்பக்கம் எது என்று பாருங்கள்.