இமை மேல் வைக்கும் ‘கண் பிரஷர் பேனா’: பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

வீட்டில் கிளாக்கோமா, அதாவது பெரும்பாலும் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தால் (கண் பிரஷர்) பார்வை நரம்பு பாதிக்கப்படும் நோய், உள்ளவர் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூடிய இமை மேல் வைத்து லேசாக அழுத்தினால் கண் பிரஷரைக் காட்டும் என்று சொல்லி, பேனா மாதிரி ஒரு கருவியை வாட்ஸ்அப் குழுக்களில் விற்கிறார்கள். எங்களிடம் 18,500 ரூபாய் வாங்கினார்கள். பணம் போனதைக்கூட ஆற்றிக்கொள்ளலாம். அந்தக் கருவி காட்டிய எண்ணை வைத்து என் அம்மாவின் சொட்டு மருந்தைக் குறைக்கச் சொன்னார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அம்மாவுக்கு 67 வயது. இரண்டு கண்ணிலும் கிளாக்கோமா. பிரஷரைக் குறைக்கும் சொட்டு மருந்துகள் இரண்டு: காலையும் மாலையும் டிமோலால், இரவில் லட்டனோபிராஸ்ட். கண் பிரஷர் 10 முதல் 21 வரை இருந்தால் இயல்பு என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் பார்வை நரம்பு ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்தக் கணக்கு போதாது. அம்மாவுக்கு 15-ஐத் தாண்டக் கூடாது என்பது டாக்டர் வைத்த இலக்கு. இந்த நோயில் பெரும்பாலும் வலி இருக்காது, கண் சிவக்காது. ஓரப் பார்வைதான் முதலில் குறையும். போன பார்வை திரும்பாது.

வீட்டிலேயே அளந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவது நியாயம்தான். பிரஷர் ஒரே நாளில் ஏறி இறங்கும். பலருக்கு இரவிலோ விடியற்காலையிலோதான் அது அதிகம். பகல் பதினொரு மணிக்கு மருத்துவமனையில் 15 காட்டுபவருக்கு, காலை ஐந்து மணிக்கு என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. இந்தக் கவலையை வைத்துத்தான் அவர்கள் வியாபாரம் செய்கிறார்கள்.

விற்க வந்தவர் தன்னைக் கண் பரிசோதகர் என்று சொல்லிக்கொண்டார். அம்மாவுக்கு வைத்துப் பார்த்தார், 14. அப்பாவுக்கு வைத்தார், 13. “பாருங்கம்மா, நார்மலா இருக்கு. இவ்வளவு சொட்டு எதுக்கு? ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்க போதும். ஏறினா மெஷினே காட்டிடும்” என்றார். டிமோலால் போட்டால் அம்மாவுக்குச் சோர்வு வரும், கண்ணும் எரியும். அப்படிக் கஷ்டப்படும் ஒருவரிடம் இதைச் சொன்னால் அவர் கேட்கத்தான் செய்வார். அம்மாவும் கேட்டார். தினமும் அளந்து நோட்டில் எழுதி வைத்தார். எல்லாமே 12-க்கும் 15-க்கும் நடுவில்.

அடுத்த பரிசோதனையில் வலது கண்ணில் 27, இடது கண்ணில் 24. பார்வை எவ்வளவு பரப்புக்குத் தெரிகிறது என்று பார்க்கும் ஃபீல்டு டெஸ்ட் எடுத்ததில், வலது கண்ணின் மூக்குப் பக்கத்தில் முன்பு இல்லாத இருட்டுத் திட்டு ஒன்று தெரிந்தது. டாக்டர் அந்தக் கருவியைக் கொண்டுவரச் சொன்னார். அதே நாற்காலியில் அம்மாவின் அதே கண்ணுக்கு வைத்தார்: 13. அப்புறம் தன் புறங்கையில் வைத்து அழுத்தினார்: 14.

மருத்துவமனையில் எப்படி அளக்கிறார்கள் என்பதை அன்றுதான் டாக்டர் விளக்கினார். மரத்துப்போகும் சொட்டும் மஞ்சள் சாயமும் விட்டு, தாடையைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, நீல வெளிச்சத்தில் கருவியின் முனையைக் கருவிழி (கண்ணின் முன்பக்கம் இருக்கும் கண்ணாடி போன்ற படலம்) மேல் தொட வைக்கிறார்கள். கருவிழியின் ஒரு சிறு வட்டத்தைத் தட்டையாக்க எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்பதிலிருந்து பிரஷர் கிடைக்கிறது. இதற்குக் கோல்ட்மான் முறை என்று பெயர். இதிலும் கருவிழியின் தடிமனைக் கணக்கில் கொள்ள வேண்டும். மெல்லிய கருவிழி உள்ளவருக்கு உண்மையான பிரஷரைவிடக் குறைவாகக் காட்டும். கருவிழி விஷயத்திலேயே இத்தனை கவனம் தேவை என்றால், ஆளுக்கு ஆள் தடிமன் மாறும் இமைக்கு மேலிருந்து அளப்பதைப் பற்றி என்ன சொல்ல? இமை வழியாக அளக்கும் மருத்துவக் கருவிகள் சில இருக்கின்றன. ஆனால் அவற்றின் எண்ணை மட்டும் வைத்து மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று டாக்டர் உறுதியாகச் சொன்னார்.

நோயாளியே வீட்டில் அளந்துகொள்ளும் நம்பகமான கருவியும் உண்டு. பின்லாந்தின் ஐகேர் நிறுவனம் செய்வது அது. மிகச் சிறிய முனை ஒன்று கருவிழியில் பட்டுத் துள்ளித் திரும்பும். அது திரும்பும் விதத்தை வைத்து பிரஷரைக் கணக்கிடும். மரத்துப்போகும் சொட்டு தேவையில்லை. ஆனால் ஒருமுறை பயன்படுத்திய முனையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். அமெரிக்காவில் இந்த வீட்டுக் கருவிக்கு 2017-இல் அனுமதி கிடைத்தது. விலை மிக அதிகம். அதையும் டாக்டர் சொல்லி, பயிற்சி எடுத்து, மருத்துவமனை அளவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். எங்களிடம் வந்தவர் “அந்த பாரின் மெஷினோட அதே டெக்னாலஜிதான்” என்று சொல்லித்தான் விற்றார். அது பச்சைப் பொய். இமையை மூடிக்கொண்டு அளப்பதும் கருவிழியில் பட்டு அளப்பதும் எப்படி ஒன்றாகும்?

விற்றவருக்குப் போன் செய்தோம். பிடிக்கும் விதம் சரியில்லை என்றார். புறங்கையில் வைத்தபோது வந்த எண்ணைச் சொன்னதும், ‘கேலிபரேஷன்’ (கருவியின் அளவைச் சரிசெய்வது) செய்ய 2,500 ரூபாய் கேட்டார். அதற்குப் பிறகு எங்கள் எண்ணை பிளாக் செய்துவிட்டார். பில் என்று அவர் கொடுத்தது ஜிஎஸ்டி எண் இல்லாத ஒரு ‘எஸ்டிமேட்’ சீட்டு.

யாராவது இப்படி ஒன்றை உங்களிடம் நீட்டினால் முதலில் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். இந்தியாவில் மருத்துவக் கருவிகளுக்கு 2017-ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உரிம எண் எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் இறக்குமதியாளரின் விவரமும் வேண்டும். எங்கள் பெட்டியில் சீன எழுத்தும் ஒரு பார்கோடும்தான் இருந்தன. “எங்கள் கண் டாக்டர் முன்னால் வைத்து ஒப்பிட்டுவிட்டுப் பணம் தருகிறேன்” என்றும் சொல்லிப் பாருங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஏற்கெனவே வாங்கியிருந்தால் கருவியை டாக்டரிடம் காட்டுங்கள். அது காட்டும் எண்ணை வைத்துச் சொட்டு மருந்தை நிறுத்தியிருந்தால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே போய்ப் பிரஷர் பார்த்துவிடுங்கள்.

நாங்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை; நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். முறையான பில் இல்லாததால் ஜிபே ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், குழுவில் அவர் போட்ட விளம்பரம், அம்மாவின் நோட்டு, மருத்துவமனை அளவுகள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறோம். இதே பேனாவை வாங்கியவர்கள் அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள்.