இலையுதிர்காலத் தோட்டத்துக்கு எது: செவ்வந்தியா, செண்டுமல்லியா, ஆஸ்டரா?

கோடைப் பூக்கள் ஓய்ந்தபின் உறைபனி இறங்கும்வரை தோட்டம் வெறிச்சோடாமல் இருக்க, பலரும் தேடுவது இந்த மூன்றைத்தான். பூவின் நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கையில் எத்தனை வாரம் இருக்கிறது, நடப்போகும் இடம் இரவில் எவ்வளவு இருட்டு என்பதை முதலில் பாருங்கள்.

அவசரத்துக்குக் கைகொடுப்பது செண்டுமல்லி. விதையை அரை செ.மீ. ஆழத்தில் போட்டால், மண் 21 முதல் 24 டிகிரி வெப்பத்தில் இருக்கும்போது ஒரே வாரத்தில் முளைத்துவிடும். குட்டை ரகங்கள் சுமார் 50 நாளில் பூக்கும். பந்துபோல் பெரிய பூ தரும் உயர ரகங்களுக்குக் கூடுதலாக மூன்று நான்கு வாரம் வேண்டும், அதனால் தாமதமாகத் தொடங்குபவர்கள் குட்டை ரகத்தையே எடுக்கலாம். இடைவெளி குட்டைக்கு 25 செ.மீ., உயரத்துக்கு 40. தழைச்சத்தை அள்ளிப் போட்டால் செடி இலையும் தண்டுமாகக் கொழுத்து மொட்டைத் தள்ளிப்போடும். நடும்போது கலக்கும் மக்கிய தொழு உரமே போதும். மழை தொடர்ந்தால் பெரிய பூக்கள் நீரைக் குடித்து உள்ளே அழுகும், உடனே கிள்ளி எறியுங்கள். உறைபனி பட்ட அன்றே செடி கருகிவிடும். இது ஒரு பருவத்துக்கான செடிதான்.

செவ்வந்தி அதிகம் கொடுக்கும், அதிகம் கேட்கும். இரவு நீண்டால்தான் மொட்டுக் கட்டும் செடி இது. தெருவிளக்கோ வாசல் விளக்கோ இரவு முழுக்க மேலே விழுந்தால், எவ்வளவு உரம் போட்டாலும் இலையாகவே நிற்கும். இடத்தை மாற்றுவதுதான் வழி. தொட்டியில் இருந்தால் மாலையில் கறுப்புத் துணியால் மூடி, தினமும் 14 மணி நேரம் இருட்டில் வைக்கலாம். இடையில் சில இரவுகள் விட்டுப்போனால் மொட்டு தாமதமாகும்.

புதர்போல் அடர்ந்து பூக்க நுனி கிள்ள வேண்டும். செடி 15 செ.மீ. வளர்ந்ததும் உச்சியில் இரண்டு செ.மீ. கிள்ளுங்கள். பக்கக் கிளைகள் அதே உயரம் வந்ததும் அவற்றையும் கிள்ளுங்கள். பூக்கும் காலத்துக்கு மூன்று மாதம் முன்பே இதை நிறுத்திவிட வேண்டும். அதன்பின் கிள்ளினால் மொட்டும் சேர்ந்து போய்விடும்.

பூத்த தொட்டியாக வாங்குவதானால், முழுக்க விரிந்ததை விட்டுவிட்டு, மொட்டில் நிறம் எட்டிப்பார்க்கும் செடியை எடுங்கள். இலையைத் திருப்பி அடியில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி இருக்கிறதா பாருங்கள். இத்தொட்டிகளில் வேர் நெருக்கமாகச் சுற்றியிருக்கும். மண் ஒருமுறை காய்ந்துவிட்டால், மேலே ஊற்றும் நீர் ஓரமாக வழிந்து அடித்துளையில் வந்துவிடும், நடுவேர் காய்ந்தே கிடக்கும். வாளி நீரில் தொட்டியை அமிழ்த்தி, குமிழி நிற்கும்வரை வைத்து எடுத்தால் சரியாகும்.

அப்படி வாங்கியதைப் பூவோடு நிலத்தில் நட்டு, அடுத்த ஆண்டும் வரும் என்று நம்பாதீர்கள். சக்தி முழுவதும் பூவுக்குப் போவதால் வேர் இறங்காது. குளிர்காலத்தில் மண் உறைந்து இளகும்போது செடி மேலே தூக்கப்பட்டுச் செத்துவிடும். நிலைக்க வேண்டுமென்றால் கடும் உறைபனிக்கு ஆறு வாரமாவது முன்பே நட்டுவிட வேண்டும். காய்ந்த தண்டை வெட்டாமல் வசந்தம்வரை விட்டு, தூரைச் சுற்றிச் சருகு, வைக்கோல் போன்றவற்றால் மூடாக்குப் போடுங்கள்.

ஒருமுறை நட்டு ஆண்டுதோறும் பார்க்க விரும்புபவர்களுக்கு என் பரிந்துரை பல்லாண்டு ஆஸ்டர். தேனீக்களுக்குக் குளிருக்குமுன் கிடைக்கும் கடைசி விருந்துகளில் இதுவும் ஒன்று. விதைப் பொட்டலத்தில் வரும் சீன ஆஸ்டர் வேறு, அது ஒரே பருவத்தில் முடிந்துவிடும், வாடல் நோய் மண்ணில் தங்குவதால் அதை மறு ஆண்டு அதே இடத்தில் போடக்கூடாது. பல்லாண்டு வகையில் பெரிய தொல்லை, இலைமேல் வெள்ளைப் பொடிபோல் படியும் சாம்பல் நோய். 60 செ.மீ. இடைவெளி விட்டு, நீரை இலையில் படாமல் தூரில் ஊற்றுங்கள். கோடையின் தொடக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டால் பூக்கும்போது சாயாது. மூன்றாண்டுக்கு ஒருமுறை வசந்தத்தில் தூரைப் பிரித்து, வெளிப்பக்கத்து இளங்கன்றுகளை மட்டும் நடுங்கள். நடுப்பகுதி முதிர்ந்து பூக்காது.

பூக்கும் நேரத்தில் ஆஸ்டரின் அடித்தண்டு இலையுதிர்ந்து மொட்டையாகத் தெரியும். அதன் முன்வரிசையில் குட்டைச் செண்டுமல்லியை வைத்தால் அந்த இடம் மறைந்துவிடும்.