அசோலா பாத்தி: ஜே வளைவா, எஸ் வளைவா? எதை நம்பி அள்ளுவது?

பாகூரிலோ குறிஞ்சிப்பாடியிலோ மாட்டுத் தீவனத்துக்கு அசோலா என்னும் மிதக்கும் நீர்ப் பெரணியைப் போடுகிறவர் தினம் எவ்வளவு அள்ளலாம்? பெருக்கத்தை எந்தக் கணக்கில் பார்க்கிறோம் என்பதில்தான் விடை இருக்கிறது. 2 மீட்டருக்கு 1 மீட்டர் பாத்தி, அரைக் கிலோ விதை அசோலா, 3 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பு, பாத்தியின் தாங்குதிறன் (அதில் அதிகபட்சம் நிற்கக்கூடிய எடை) 6 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

ஜே வளைவு என்பது தடையில்லாமல் J எழுத்துப்போல மேலேறும் வளர்ச்சி; அதற்கு இந்தத் தாங்குதிறன் கணக்கிலேயே இல்லை. இரட்டித்துக்கொண்டே போகும்: 9ஆம் நாள் 4 கிலோ, 15ஆம் நாள் 16 கிலோ, 30ஆம் நாள் 512 கிலோ! 2 சதுர மீட்டரில் அது நடக்காது. முதல் 3 நாளுக்கு மட்டும் இதை நம்பலாம்.

1838இல் பெல்ஜியத்தின் கணிதவியலாளர் வெர்ஹுல்ஸ்ட் கொடுத்த எஸ் வளைவில் வளர்ச்சி முதலில் வேகமெடுத்து, தாங்குதிறனை நெருங்க நெருங்க மெதுவாகும். ஒரு நாள் வளர்ச்சிக்கு அது, இருக்கிற எடையை வளர்ச்சி வீதத்தாலும் காலியிடத்தின் பங்காலும் பெருக்குகிறது. நம் பாத்திக்கு வீதம் நாளுக்கு 0.231. 9ஆம் நாள் இரண்டரைக் கிலோ, 15ஆம் நாள் நாலரைக் கிலோ. இதுதான் நிஜத்துக்குப் பக்கம். மேலடுக்கு மூடியதும் அடியில் உள்ளது வெளிச்சமில்லாமல் பழுக்கும். பாஸ்பரஸ் தீர்ந்தால் இலை சிவக்கும்.

கவனிக்க வேண்டியது இது: பாத்தியில் 1 கிலோ இருந்தாலும் 5 கிலோ இருந்தாலும் ஒரு நாள் வளர்ச்சி ஏறக்குறைய 190 கிராம்தான். பாதியில், அதாவது 3 கிலோவில், 350 கிராம் கிடைக்கும். பாத்தி பச்சைக் கம்பளமாக நிறையட்டும் என்று காத்திருப்பது தீவனத்தை இழப்பதுதான்.

அள்ளுவதிலும் இரண்டு வழி உண்டு. தினம் 300 கிராம் என்று நிலையாக எடுத்தால், எடை 1.9 கிலோவுக்கு மேல் இருக்கும்வரை பாத்தி தாங்கும். ஒரு கனமழையில் வழிந்து அதற்குக் கீழே போய்விட்டால், அதே 300 கிராம் பாத்தியைக் காலி செய்துவிடும். இருப்பதில் 10 சதவீதம் என்று எடுத்தால் பாத்தி 3.4 கிலோவில் நின்று, தினம் 340 கிராம் தரும். எடை குறைந்தால் அள்ளுவதும் தானே குறையும். நாங்கள் சொல்வது இரண்டாவதைத்தான்.

அதற்கு எடை தெரிய வேண்டும். 50 செ.மீ. சதுரச் சட்டத்தை மிதக்கவிட்டு, உள்ளே இருப்பதை மட்டும் சல்லடையில் அள்ளி, தண்ணீர் நன்றாக வடிந்த பிறகு நிறுத்து, 8ஆல் பெருக்குங்கள். ஈரத்தோடு நிறுத்தால் கணக்கு ஏமாற்றும்.

கத்திரி வெயிலில் இரட்டிப்பு 6 நாளுக்கு நீண்டால் வீதம் பாதியாகும். அதிகபட்ச வளர்ச்சியே 170 கிராம்தான். அப்போது நிலையாக 300 எடுப்பவர் பாத்தி அழிந்துபோகும். 10 சதவீதக்காரரின் பாத்தி 800 கிராமுக்கு இறங்கினாலும் உயிரோடு இருக்கும். மேல் நிழல்வலை கட்டி, அள்ளுவதை 5 சதவீதமாக்கினால் மீண்டும் 3.4 கிலோவில் நிற்கும், தினம் 170 கிராம் கிடைக்கும்.