கோஜிராவா, காட்ஸில்லாவா?

கடலிலிருந்து எழுந்துவரும் ராட்சத மிருகமான காட்ஸில்லாவின் பழைய படத்தைப் பார்க்கலாம் என்று உட்காருபவருக்கு வரும் முதல் குழப்பமே, எந்தக் காட்ஸில்லா என்பதுதான். 1954 நவம்பர் 3 அன்று ஜப்பானில் தோஹோ நிறுவனம் வெளியிட்ட 'கோஜிரா' (காட்ஸில்லாவின் ஜப்பானியப் பெயர்) ஒன்று. 96 நிமிடம், இஷிரோ ஹோண்டா இயக்கியது. அதையே வெட்டி ஒட்டி, நடுவில் ஓர் அமெரிக்க நடிகரைச் செருகி, 1956இல் அமெரிக்காவில் ஓட்டிய 'காட்ஸில்லா, கிங் ஆஃப் த மான்ஸ்டர்ஸ்!' இன்னொன்று. அது 80 நிமிடம். புதிதாக எடுத்த காட்சிகளைக் கழித்துவிட்டால் அசலில் மிஞ்சுவது ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான்.

மிருகம் இரண்டிலும் ஒன்றே. ஹருவோ நகாஜிமா என்ற நடிகர் கனமான ரப்பர் உடைக்குள் வெந்துகொண்டே நடந்த நடைதான் இரண்டிலும். காட்சித் தந்திரக் கலைஞர் எய்ஜி சுபுராயாவின் பொம்மை நகரம், தோல் கையுறையால் டபுள் பாஸ் வாத்தியத்தின் தந்தியை இழுத்து உண்டாக்கிய அந்த அலறல், இதிலெல்லாம் ஒப்பிட எதுவும் இல்லை. ஒரே ஒரு வேடிக்கை மட்டும் சொல்லலாம். ஜப்பானியப் படத்தில் பூதத்தின் உயரம் 50 மீட்டர். அமெரிக்கப் படத்தில் 400 அடிக்கு மேல், அதாவது 120 மீட்டருக்கும் அதிகம். அதே காட்சி, அதே கட்டடங்கள், வசனத்தில் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் வளர்ந்துவிட்டது!

வித்தியாசம் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். அசலில் ஒரு கப்பல், அதன் தளத்தில் ஓய்வாக உட்கார்ந்து பாட்டு வாசிக்கும் மாலுமிகள். திடீரென்று கடலில் ஒரு வெளிச்சம், கப்பல் தீப்பிடித்து மூழ்குகிறது. இது என்ன என்று அன்றைய ஜப்பானியருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வருடம் மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தபோது, சூரை மீன் பிடிக்கப் போயிருந்த 'டாய்கோ ஃபுகுர்யூ மாரு' என்ற படகின் மேல் கதிரியக்கச் சாம்பல் கொட்டியது. படகில் இருந்தவர்கள் 23 பேர். படகின் வானொலித் தொடர்பைக் கவனித்தவர் செப்டம்பரில் இறந்துபோனார். படம் வெளியானது அதற்கு ஆறு வாரம் கழித்து. செய்தித்தாளில் படித்த துக்கம் ஆறுவதற்குள் அதையே திரையில் பார்த்தவர்கள் அவர்கள்.

அமெரிக்கப் படம் எல்லாம் முடிந்தபிறகு தொடங்குகிறது. எரிந்து தரைமட்டமான நகரம். இடிபாட்டுக்குள், செருகப்பட்ட அந்த அமெரிக்க நடிகர் ரேமண்ட் பர் கிடக்கிறார். இது டோக்கியோ, ஒரு காலத்தில் அறுபது லட்சம் பேர் வாழ்ந்த நகரம் என்று அவர் குரல் சொல்கிறது. அவர் ஸ்டீவ் மார்ட்டின் என்ற பத்திரிகையாளர். கெய்ரோ போகும் வழியில் டோக்கியோவில் இறங்கியவர், மாட்டிக்கொள்கிறார். மீதிக் கதை அவர் நினைவாக விரிகிறது. உண்மையைச் சொன்னால், தொடக்கமாக இது மோசமில்லை. சாம்பலைக் காட்டிவிட்டு, 'எப்படி இப்படி ஆனது தெரியுமா' என்று கேட்டால் யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

பர்ரைச் செருகிய விதத்துக்காகவே இந்தப் படத்தை ஒருமுறை பார்க்கலாம். டெர்ரி மோர்ஸ் என்பவர் இயக்கிய அந்தப் புதுக் காட்சிகளில் அசல் படத்தின் நடிகர்கள் யாரும் இல்லை. கதாநாயகி எமிகோவுடன் பர் பேச வேண்டுமா? எமிகோ மாதிரி உடுத்திய ஒரு பெண்ணை முதுகு காட்டி நிற்க வைத்துவிட்டு, பர்ரின் முகத்தைக் காட்டுகிறார்கள். அடுத்து அசல் படத்திலிருந்து எமிகோவின் முகம். கதையில் வரும் ஓடோ தீவில் பூதம் தலை நீட்டும்போதும் இப்படித்தான்: ஊரே அங்கே ஓடுகிறது, பர் வேறொரு காட்சியில் நின்று வியர்க்கிறார். வசனத்துக்கும் வழி கண்டுபிடித்தார்கள். பல இடங்களில் ஜப்பானியப் பேச்சை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் இவாநாகா என்ற பாதுகாப்பு அதிகாரி பர்ருக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறார். தனது ஜப்பானிய மொழி கொஞ்சம் துருப்பிடித்துவிட்டது என்று பர் சமாளிக்கிறார். படத்தின் ஒட்டுப்போட்ட இடம் முழுக்க அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது.

அமெரிக்கர்கள் அணுகுண்டுப் பேச்சையே துடைத்துவிட்டார்கள் என்று பலரும் சொல்வதுண்டு. அது முழு உண்மை இல்லை. ஹைட்ரஜன் குண்டுச் சோதனைகளால்தான் காட்ஸில்லா எழுந்து வந்தது என்று தொல்லுயிர் ஆய்வாளராக வரும் டாக்டர் யாமனே அந்தப் படத்திலும் சொல்கிறார். போர் முடிந்து 11 வருடம்தான் ஆகியிருந்தது. அப்போது அமெரிக்கத் தியேட்டர்களில் ஜப்பானியரைப் பாதிக்கப்பட்ட மனிதர்களாகக் காட்டியதே பெரிய விஷயம். பூதத்தைக் கொல்லும் ஆயுதமும் உயிர்த்தியாகமும் இரண்டு படத்திலும் ஜப்பானிய விஞ்ஞானி செரிசாவாவுடையவை. பர் பெரும்பாலும் பைப் புகைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறார். சாகசம் செய்யாத ஹாலிவுட் நாயகன்!

ஆனால் போனது என்னவோ, அதுதான் படத்தின் உயிர். அசலில் ஒரு ரயில் காட்சி வரும். வேலைக்குப் போகிறவர்கள் சாவகாசமாகப் பேசிக்கொள்கிறார்கள்: கதிரியக்க மீன், கதிரியக்க மழை, இப்போது இது வேறா? நாகசாகியில் தப்பிப் பிழைத்தது இதற்குத்தானா என்று அலுத்துக்கொள்கிறாள் ஒரு பெண். அரை நிமிடம்கூட இருக்காது. பூதத்தின் நெருப்பு மூச்சைவிட எனக்கு இந்த அலுப்புதான் அதிகம் சுட்டது. நாடாளுமன்றக் காட்சியும் அப்படித்தான். விஷயம் வெளியே தெரிந்தால் வெளியுறவு என்னாகும், பொருளாதாரம் என்னாகும், மூடி மறையுங்கள் என்று ஒருவர் எழுகிறார். மறைக்காதீர்கள், மக்களிடம் சொல்லுங்கள் என்று பெண் உறுப்பினர்கள் கத்துகிறார்கள். அப்புறம் டோக்கியோவின் கின்ஸா கடைவீதித் தெருவோரத்தில் குழந்தைகளை அணைத்தபடி ஒரு தாய்: சீக்கிரம் அப்பாவிடம் போய்விடுவோம் என்கிறாள். அந்த அப்பா எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை. 1954 டோக்கியோவில் கேட்கத் தேவையும் இல்லை. இதெல்லாம் ஆங்கிலப் பார்வையாளருக்குப் போய்ச் சேரவே இல்லை.

ஹோண்டா போரில் சிப்பாயாக இருந்தவர். 1946இல் சீனாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவைக் கண்ணால் பார்த்தவர். அவர் படத்தில் நகரம் அழிவது வேடிக்கையாக இல்லாததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

என் கணக்கில் அமெரிக்கப் படத்தின் பெரிய குற்றம் பர் அல்ல, கடைசி ஒரு நிமிடம். டோக்கியோ விரிகுடாவின் அடியில் செரிசாவா தன் ஆயுதத்தை இயக்கிவிட்டு, மேலிருந்து தனக்குக் காற்று வரும் குழாயைத் தானே அறுத்துக்கொள்கிறார். அந்த ரகசியம் யார் கையிலும் சிக்கக் கூடாது என்பதற்காக. அசலில் அதன்பின் கேமரா டாக்டர் யாமனேயிடம் வருகிறது. நடிப்பவர் தகாஷி ஷிமுரா, அதே வருடம் 'ஏழு சாமுராய்'களுக்குத் தலைவராக வந்தவர். இது கடைசிக் கோஜிராவாக இருக்காது, அணுச் சோதனை தொடர்ந்தால் உலகத்தில் எங்கோ இன்னொன்று வரும் என்று தனக்குத்தானே முணுமுணுக்கிறார். வென்றவர் முகமாக அது இல்லை. அமெரிக்கப் படத்தில் அந்த முணுமுணுப்பு கிடையாது. ஆபத்து நீங்கியது, ஒரு பெரிய மனிதரும் போனார், இனி உலகம் விழித்தெழுந்து வாழலாம் என்று பர் சொல்லி முடிக்கிறார். எச்சரிக்கையை எடுத்துவிட்டு ஆறுதலை வைத்துவிட்டார்கள்.

இருந்தாலும் வெளிநாடுகளில் காட்ஸில்லா பரவியதற்கு இந்த வெட்டு ஒட்டுப் பதிப்புதான் காரணம். 1957இல் ஜப்பானுக்கே திரும்பிப் போய் வசன எழுத்துகளோடு ஓடியது. அசல் படம் முறையாக அமெரிக்கத் தியேட்டர்களைச் சுற்றிவந்தது 2004இல்தான், ஐம்பது வருடம் கழித்து. பழக்கமும் போகவில்லை. 1984இல் தோஹோ எடுத்த புதுப் படத்தை அமெரிக்காவில் 'காட்ஸில்லா 1985' ஆக்கியபோது மறுபடியும் ரேமண்ட் பர்ரையே கூட்டிவந்தார்கள். அசலில் அணு ஏவுகணை கிளம்பாமல் தடுக்கப் போராடி உயிரை விடும் சோவியத் அதிகாரி, அமெரிக்கப் பதிப்பில் தானே பொத்தானை அழுத்துகிறார். 1956இன் வெட்டு இதற்கு எவ்வளவோ தேவலை.

சரி, எதைப் பார்ப்பது? ஒன்றுதான் என்றால் கோஜிரா, யோசிக்கவே வேண்டாம். இரண்டுக்கும் நேரம் இருந்தால் அசலை முதலில் பாருங்கள். மறுநாள் பர்ரைப் பார்க்கும்போது அவர் முகத்தை விட்டுவிட்டு, எதிரே முதுகு காட்டி நிற்கும் அந்த எமிகோவைக் கவனியுங்கள். ஒருமுறையாவது திரும்புகிறாளா என்று. திரும்ப மாட்டாள்.