மேகசின் இல்லாமல் அசையாத விசை: பிரவுனிங் ஹைபவருடன் பதினொரு ஆண்டுகள்

படையில் சேர்ந்து இரண்டு ஆண்டுகளே ஆன என் அக்காள் மகன் தீபாவளி விடுமுறைக்கு மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட் வந்திருந்தபோது, ஒட்டுக்கடையில் தே தாரிக் தேநீரை ஆற்றிக்கொண்டே, "மாமா, நீங்க பிடிச்சதுலயே நல்ல கைத்துப்பாக்கி எது?" என்று கேட்டான். பதினொரு ஆண்டுகள் பிரவுனிங் ஹைபவரையும், அதன் பிறகு ஓய்வு பெறும்வரை குளோக் 17-ஐயும் பயன்படுத்தியவன் நான். அவற்றில் பாதிக் காலம் எங்கள் பிரிவின் ஆயுதக் கிடங்கிலேயே கழிந்தது. இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம் என்று தொடங்கிய பேச்சு, கடைக்காரர் நாற்காலிகளைக் கவிழ்த்து அடுக்கும்வரை ஓயவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, பிரவுனிங்கைக் கொஞ்சம் அதிகமாகவே திட்டிவிட்டோமோ என்ற உறுத்தல் இருந்தது.

எங்கள் ஊரில் கைத்துப்பாக்கி என்றால் மூத்தவர்களுக்கு இன்றும் சுழல் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். 1948 ஜூன் 16-ஆம் நாள் எல்பில் தோட்டத்திலும் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்திலுமாக மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்துத்தான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு துரை இடுப்பில் ரிவால்வர் இல்லாமல் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, வந்ததே இல்லை என்று பால்வெட்டுக்குப் போன என் தந்தை சொல்வார். அப்படிப்பட்ட ஒரு பழைய .38 வெப்லி ரிவால்வரைக் கிடங்கில் ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். குழலை மடக்கினால் ஆறு காலித் தோட்டாக்களும் ஒன்றாக மேலெழும் அந்த அமைப்பு அழகுதான். சுட்டுப் பார்க்காத ஒன்றுக்கு அதற்கு மேல் சான்றிதழ் தர இயலாது.

பிரவுனிங்கை முதன்முதலில் கையில் வாங்கியபோது, இது எனக்கென்றே அளவெடுத்துச் செய்தது என்றுதான் தோன்றியது. 13 தோட்டாக்களை இரட்டை வரிசையில் அடக்கும் பிடி, ஆனால் உள்ளங்கைக்குள் அத்தனை ஒல்லியாக உட்காரும். என்னைப் போன்ற சிறிய கைக்காரனுக்கு அது பெரும் பேறு. ஏறத்தாழ 900 கிராம் எடையுள்ள எஃகு என்பதால் சுடும்போது எகிறாது, தோளை நோக்கித் தள்ளிவிட்டு உடனே இலக்கிற்குத் திரும்பும். இருபத்தைந்து மீட்டரில் நான் வாங்கிய நல்ல மதிப்பெண்கள் எல்லாம் அதில் வாங்கியவைதான்.

எரிச்சல் எங்கே என்றால், பிடிக்குள் செருகும் தோட்டாக் கூடான மேகசினைக் கழற்றினால், சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசை வேலை செய்யாது என்பதில். விசையோடு இணைந்த ஒரு சிறிய ஆணி, உள்ளே மேகசின் இருந்தால் மட்டுமே சரியான இடத்தில் நிற்கும். மேகசின் வெளியே வந்துவிட்டால் விசைக்கும், தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்திக்கும் தொடர்பு அறுந்துவிடும். கேட்பவர்களுக்கு இது நல்ல பாதுகாப்பு ஏற்பாடாகத்தான் படும். ஆனால் விசையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஆணி மேகசினின் முகப்பில் உராய்வதால், நல்ல விசை ஒன்று மணல் கலந்ததுபோல் கரகரக்கிறது. அதே உராய்வினால், பொத்தானை அமுக்கினாலும் மேகசின் தானாக விழாது. இடக்கையால் பிடுங்கத்தான் வேண்டும். பிற்கால மேகசின் சிலவற்றின் அடியில், அதை வெளியே உந்தித் தள்ளுவதற்கென்றே எலிப்பொறி போன்ற ஒரு கம்பிச்சுருளை வைத்தார்கள். ஒரு தவற்றை மறைக்க இன்னொரு உறுப்பு!

இவையெல்லாம் சிறு தொல்லைகள். உண்மையான கோபம் காவல் முடிந்து துப்பாக்கியை ஒப்படைக்கும் நேரத்தில்தான் வரும். மேகசினைக் கழற்றி, மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடை இழுத்து, குழலின் பின்புறமுள்ள தோட்டா அறை காலிதானா என்று பார்த்து, ஸ்லைடை முன்னே விட்டால், சுத்தி பின்னுக்கு இழுபட்ட நிலையிலேயே நிற்கும். அதை இறக்க விசையை அழுத்த வேண்டும். விசை அசைய வேண்டுமானால் மேகசின் உள்ளே இருக்க வேண்டும். ஆகவே, துப்பாக்கியைக் காலி செய்து முடித்த பிறகு, அதற்குள் மறுபடியும் ஒரு காலி மேகசினைச் செருகுகிறோம். ஒரு மழை இரவில், பன்னிரண்டு மணி நேரம் நின்ற களைப்பில், இளைஞன் ஒருவன் காலி மேகசின் என்று நினைத்து நிரப்பியதையே செருகிவிட்டான். விசையை அழுத்தினான், காலி அறையில் சுத்தி டக்கென்று விழுந்தது. பிறகு பழக்கதோஷத்தில், மீண்டும் ஒருமுறை சரிபார்ப்போமே என்று ஸ்லைடைப் பாதி இழுத்துவிட்டான். மேகசின் வாயில் செம்பு நிறம் மின்னியதைப் பார்த்து அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். முழுதாக இழுத்து விட்டிருந்தால் ஒரு தோட்டா அறைக்குள் ஏறியிருக்கும். குழல் மணல் மூட்டையை நோக்கித்தான் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த ஆணியை நான் பாதுகாப்பு என்று அழைப்பதில்லை.

இந்த ஏற்பாடு பிரெஞ்சுப் படை கேட்டதாம். இதை வடிவமைக்கத் தொடங்கிய ஜான் பிரவுனிங் 1926-இல் பெல்ஜியத்தில், வேலை மேசையருகிலேயே காலமானார். மீதி வேலையை முடித்து 1935-இல் இன்றைய வடிவத்துக்குக் கொண்டு வந்தவர் எஃப்.என். என்ற பெல்ஜிய ஆயுத ஆலையின் தியூதொனே செவ். யாருக்காக அந்த ஆணியைச் செருகினார்களோ அந்தப் பிரான்சு கடைசியில் தன் சொந்தத் துப்பாக்கியையே ஏற்றுக்கொண்டது. கேட்டவன் வாங்கவில்லை, வாங்கியவர்கள் எல்லாரும் சுமந்தோம்.

மற்ற குறைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பழைய வகையில் சுத்தியின் வால், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள தோலைக் கிள்ளும். பாதுகாப்புக் கொண்டி மிகச் சிறியது. நம் ஊர்ப் புழுக்கத்தில் எண்ணெய்த் துணியை ஒருநாள் மறந்தால், மறுநாள் காலை பெருவிரல் பட்ட இடத்தில் ரேகையோடு துரு பூத்திருக்கும்.

குளோக் வந்தபோது பிளாஸ்டிக் துப்பாக்கி என்று நாங்கள் சிரித்தோம். அதற்கு முன் கைத்துப்பாக்கியே செய்திராத காஸ்டன் குளோக்கின் படைப்பை ஆஸ்திரியப் படை 1982-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதும், 2013-இல் பிரிட்டிஷ் படையே தன் பிரவுனிங்குகளைக் கழித்துவிட்டு அதற்கு மாறியது என்பதும் அந்தச் சிரிப்பை அடக்கப் போதுமானவை. மேகசின் இல்லாமல் 630 கிராம்தான், 17 தோட்டாக்கள், சேற்றிலும் மழையிலும் போட்டு எடுத்தாலும் துரு என்ற பேச்சே இல்லை. என் கையில் இருந்த குளோக் ஒருநாளும் சிக்கியதில்லை. நியாயமாக ஒரே ஒரு குறை சொல்ல வேண்டுமானால், அதைப் பிரிப்பதற்கு முன் விசையை அழுத்தியாக வேண்டும். அறையைப் பார்க்க மறந்தவனுக்கு அதுவே வினையாகும். பிரவுனிங்கைப் பிரிக்க விசையைத் தொடவே தேவையில்லை: ஸ்லைடைப் பின்னே இழுத்துக் கொண்டியில் மாட்டி, பக்கவாட்டுக் கம்பியை உருவினால் போதும். பார்த்தீர்களா, திட்ட உட்கார்ந்தவன் மறுபடியும் பாராட்டிக்கொண்டிருக்கிறேன்.

அமெரிக்கர்களின் 1911 என்ற கைத்துப்பாக்கியையும் ஒரு கூட்டுப் பயிற்சியில் ஒரே ஒரு மேகசின், அதாவது ஏழு தோட்டாக்கள், சுட்டிருக்கிறேன். அதன் விசை போன்ற விசையை நான் வேறெதிலும் கண்டதில்லை. பிரவுனிங் என்ற அதே மனிதரின் கை இதைச் செய்திருக்கிறது என்பதுதான் என் வயிற்றெரிச்சலைக் கூட்டியது.

2021-இல் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற அமெரிக்க நிறுவனம் எஸ்.ஏ.-35 என்ற பெயரில் அதே பழைய பிரவுனிங் வடிவத்தை மீண்டும் வெளியிட்டது. 15 தோட்டாக்கள், தோலைக் கிள்ளாதபடி திருத்திய சுத்தி, முக்கியமாக அந்த ஆணி இல்லை. மருமகன்தான் கைப்பேசியில் படத்தைக் காட்டினான். உள்ளே அந்த ஆணி இருந்த இடம் வெறுமையாக இருப்பதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நம் நாட்டில் ஓய்வு பெற்றவனுக்கு அதன் பொம்மை நகலை வைத்திருப்பதுகூட வழக்கில் முடியும் என்பதால், படத்தோடு சரி.

அவனுக்கு நான் சொன்ன பதில் குளோக்தான். காவலுக்கு நிற்பவன், மழையில் நனைபவன், தூக்கக் கலக்கத்தில் துப்பாக்கியை ஒப்படைப்பவன் அதைத்தான் எடுக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. "அப்ப உங்களுக்கு?" என்றான். எனக்குப் பிரவுனிங் என்றேன். "ஆணியோடவா, இல்லாமயா?" என்று அவன் விடாமல் கேட்டதற்கு, நம் கிடங்கில் அதைக் கழற்ற யாருக்கும் அனுமதி இருந்ததில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுக் காசு கொடுக்க எழுந்தேன்.