தண்டர்பேர்ட் நாட்காட்டி: ஒரு நிகழ்வு எவ்வளவு இடம் பிடிக்கிறது?

புதுச்சேரி மிஷன் வீதியை ஒட்டிய எங்கள் கணக்குத் தணிக்கை அலுவலகம் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்கு மாறியதற்கு இடநெருக்கடியே காரணம். முன்பு நாங்கள் வைத்திருந்த மின்னஞ்சல் சேவை பெட்டி நிரம்பிவிட்டதென எச்சரித்தபோது, நாட்காட்டிதான் இடத்தை அடைக்கிறது என்று எண்ணி மூன்று ஆண்டுப் பதிவுகளை அழித்தோம். வாடிக்கையாளர்களைச் சந்தித்த தேதிகள் போயினவே தவிர, சொல்லும்படியாக இடம் மீளவில்லை. அந்த இழப்பு இன்றும் வருத்துகிறது.

நாட்காட்டி நிகழ்வு என்பது நாட்காட்டிப் பதிவுகளுக்கான பொது வடிவமான ஐகேலண்டரில் எழுதப்படும் வெறும் எழுத்து. தலைப்பு, நேரம், இடம், சிறு குறிப்பு எல்லாம் சேர்ந்தும் சாதாரண நிகழ்வு ஒரு கிலோபைட்டை ஒட்டியே இருக்கும். ஆயிரம் நிகழ்வுகள் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு எம்பி. தமிழில் எழுதினால் சற்றுக் கூடும்: ‘கூட்டம்’ என்ற சொல்லுக்கு எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 21 பைட் வேண்டும். அதற்காகத் தமிழைக் கைவிட வேண்டிய தேவை சிறிதும் இல்லை. மாதந்தோறும் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி ஆகிய ஜிஎஸ்டி படிவங்கள் என்று திரும்பத் திரும்ப வரும் கெடு நாட்களுக்கோ, எத்தனை ஆண்டுகள் ஓடினாலும், ஒரு நிகழ்வும் அது திரும்பும் விதியும் மட்டுமே எழுதப்படுகின்றன.

இடத்தை விழுங்குபவை இணைப்புக் கோப்புகளே. அஞ்சலில் அனுப்புவதற்காகக் கோப்பின் மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்கும் பேஸ்64 முறையால், 6 எம்பி அளவுள்ள ஸ்கேன் பிரதி அஞ்சலில் 8 எம்பி ஆகிறது. அதைக் கூட்ட அழைப்போடு அனுப்பினால் அனுப்பியவரின் பெட்டியிலும் பெறுவோர் பெட்டிகளிலும் அழைப்பு மடல் தங்கிவிடுகிறது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் போன்ற மின்னஞ்சல் அமைப்புகளில் நாட்காட்டியும் அதே பெட்டியின் ஒதுக்கீட்டுக்குள் அடங்குவதால், அங்குள்ள பிரதியும் கணக்கில் ஏறுகிறது.

தண்டர்பேர்டில் 2020இல் வந்த 78ஆம் பதிப்பு முதல் நாட்காட்டி மென்பொருளின் பகுதியாகவே இருக்கிறது. கணினியில் வைத்துக்கொள்ளும் நாட்காட்டி முழுவதும் ஓர் எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பில் அடங்குகிறது. நிகழ்வோடு கோப்பை ஒட்டாமல், அது இருக்கும் இணைய முகவரியை மட்டும் சேர்க்கிறோம். எங்கள் உதவியாளர்களுக்கு இது தொடக்கத்தில் பிடிக்கவில்லை என்றாலும், ஒரே ஆவணத்துக்கு ஐந்து பிரதிகள் தேங்கும் பழக்கம் இதனால்தான் நின்றது. சிறு அலுவலகங்களுக்கு இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

இந்த நாட்காட்டிக் கோப்பு அந்த ஒரு கணினியில் மட்டுமே இருப்பதால் பிரதியெடுக்கும் பொறுப்பு நம்முடையது. ஒவ்வொரு ஏப்ரலிலும் முடிந்த நிதியாண்டின் நாட்காட்டியை ஐசிஎஸ் (ஐகேலண்டர் வடிவக்) கோப்பாக ஏற்றுமதி செய்து, பென் டிரைவில் பதிந்து, அலுவலகப் பெட்டகத்தில் வைத்துவிடுகிறோம்.